ஓராசனப் பக்கி வண்டி

சாலையே இல்லாத இடத்தில் ஓடுவதற்கென்று செய்யப்பெறும் வண்டி ஒன்று உண்டு. அதற்குக் கதவு கிடையாது. முன்புறக் கண்ணாடி கிடையாது. மழைக்கு ஒதுங்கக் கூரை என்று சொல்லத்தக்கதும் கிடையாது. நான்கு பருத்த சக்கரங்கள், அவற்றின் நடுவே எஃகுக் குழாய்களை இணைத்துச் செய்த ஒரு கூண்டு, கூண்டினுள் ஒரே ஓர் ஆசனம், ஆசனத்தின் முதுகுப்புறத்தில் புல்வெட்டும் பொறிகளில் காணப்படுவது போன்ற ஒரு சிறு இஞ்சின், இவையே அவ்வண்டியின் உடைமைகள். மத்தியப் பிரதேசத்தில் இந்தூர் நகரை அடுத்துள்ள பீதம்பூரில், 2007ஆம் ஆண்டில், நம் நாட்டுப் பொறியியல் மாணவர்கள் தாமே வரைந்து, தாமே பற்றவைத்த இத்தகைய வண்டிகளைக் கொண்டுவந்து முதன்முறையாகப் போட்டியிட்டு ஓட்டினார்கள். பாஹா என்னும் பெயரால் வழங்கும் அப்போட்டியை நடத்துவது எஸ்.ஏ.ஈ. இந்தியா என்னும் வாகனப் பொறியாளர் சங்கம். அதன் தலைமையகம் சென்னையில் உள்ளது.

இவ்வண்டியின் உருவம் அரை நூற்றாண்டுக் காலத்தில் எவ்வாறு மாறி வந்தது, எக்காரணங்களால் மாறியது என்பதை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே நம் நோக்கம். பந்தய வாகனங்களின் வரலாறு பெரும்பாலும் இஞ்சின்களின் வரலாறாகவே இருக்கும். இங்கோ நெடுங்காலம் எல்லோருக்கும் ஒரே இஞ்சின். அதன் ஒரு திருகாணியைக்கூட மாற்றலாகாது என்பது விதி. ஆகையால் அறிவு செல்வதற்கு வேறு வழி தேட வேண்டியதாயிற்று. அவ்வழிதான் நாம் கூறப்போகும் கதை.

பெயரைப் பற்றி முதலில் ஒரு சொல். பக்கி என்பது மோட்டார் யுகத்துக்கு முற்பட்ட சொல். ஒற்றைக் குதிரை பூட்டிய இலேசான வண்டிக்கு ஆங்கிலேயர் வழங்கிய பெயர் அது. இந்தியில் ‘பக்கீ’ என்று நிலைத்துவிட்டது. தில்லியில் பாசறை திரும்பும் விழாவுக்குக் குடியரசுத் தலைவர் குதிரைப் பக்கியில் வரும் வழக்கம் நீண்ட இடைவெளிக்குப் பின் 2014இல் மீண்டும் கைக்கொள்ளப்பட்டது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, இச்சொல்லைத் தமிழாக்காமல் அப்படியே விட்டுவிடுவதே நலம் எனத் தோன்றுகிறது. குதிரை போயிற்று, இலேசாக இருத்தல் என்னும் குணம் மட்டும் எஞ்சியது. நம் கதைக்கு வேண்டிய குணமும் அதுவே.

இனிக் கலிபோர்னியாவுக்குச் செல்வோம். அங்குள்ள புரூஸ் மேயர்ஸ் என்பவர் கடல் அலைமேல் சறுக்கும் விளையாட்டில் ஈடுபாடு கொண்டவர். கண்ணாடி நாரும் பிசினும் சேர்த்துப் படகு செய்யும் கைத்திறமும் வாய்ந்தவர். 1964இல் அவர் அதே முறையில் ஒரு வண்டியின் உடலை வார்த்தெடுத்து, வோக்ஸ்வாகன் ‘வண்டு’ காரின் உறுப்புகளை அதனுடன் சேர்த்தார். சில வண்டிகளுக்குப் பின், வண்டுக் காரின் அடித்தளத்தையே எடுத்து, அதன் நீளத்தில் சுமார் 36 சென்டிமீட்டரை வெட்டிக் குறைத்து, அதன்மேல் உடலைப் பொருத்தும் முறைக்கு வந்தார். வாலில்லாப் பூனை இனமொன்றின் பெயரால் அவ்வண்டி மேயர்ஸ் மான்க்ஸ் எனப்பட்டது. குட்டையான பின்புறத்துக்குப் பொருத்தமான பெயர்தான்.

மெக்சிகோ நாட்டின் மேற்கே கடலினுள் நீண்டு கிடக்கும் பாஹா கலிபோர்னியா என்னும் தீபகற்பம் சுமார் 1,200 கிலோமீட்டர் நீளமுடையது. அக்காலத்தில் அதன் பெரும்பகுதி மணலும் பாறையும் கள்ளியுமே. 1962இல் டேவ் எக்கின்ஸ் என்பவர் மோட்டார் சைக்கிளில் அதனை 39 மணி 56 நிமிடத்தில் கடந்திருந்தார். 1967 ஏப்ரலில் மேயர்ஸ் தம் நண்பர் டெட் மாங்கல்ஸுடன் மான்க்ஸில் ஏறி 34 மணி 45 நிமிடத்தில் கடந்தார். அவ்வாண்டு நவம்பரில் அத்தடத்தில் முறையான பந்தயம் தொடங்கிற்று. அதிலும் மாங்கல்ஸும் விக் வில்சனும் ஓட்டிய மான்க்ஸ் வண்டியே 27 மணி 38 நிமிடத்தில் முதலாவதாக வந்தது. இன்றைய மாணவர் போட்டியின் பெயர் இத்தீபகற்பத்திலிருந்து வந்ததேயாகும்.

பெரிய இஞ்சின் பூண்ட வண்டிகள் திணறிய இடத்தில் இச்சிறு வண்டி ஓடியது ஏன்? இஞ்சின் பின் அச்சின்மேல் அமர்ந்திருந்தமையால் விசை செல்லும் சக்கரங்கள் மண்ணை அழுத்திப் பிடித்தன. முன்புறம் இலேசாக இருந்தமையால் முன்சக்கரங்கள் மணலில் புதையாமல் மேலே ஏறி மிதந்தன. காற்றால் குளிரும் இஞ்சினாதலால் பாலைவனத்தில் தண்ணீர் கொதித்து வழியும் தொல்லை இல்லை. இம்மூன்றும் அன்று கண்ட பாடங்கள். இன்றைய ஓராசன வண்டியிலும் இவை மாறவில்லை.

மான்க்ஸில் அழகிய உடல் இருந்தது. பந்தயம் வளர வளர, அவ்வுடல் எதற்கு என்னும் வினா எழுந்தது. கவிழ்ந்தால் ஆளைக் காப்பது உடலுக்குள் பொருத்திய குழாய்களே என்றால், குழாய்களை மட்டும் வைத்துக்கொண்டு உடலைக் கழற்றிவிடலாமே! அவ்வாறு பிறந்தவை குழாய்ச் சட்ட வண்டிகள். அடுத்து, இரண்டாவது ஆசனத்தின் மேலும் கத்தி விழுந்தது. பக்கத்தில் ஓர் ஆள் இல்லாவிடில் சுமார் 75 கிலோ குறையும், ஓட்டுபவர் வண்டியின் நடுக்கோட்டில் அமரலாம், கூண்டும் குறுகும். பாலைவனப் பந்தயங்களில் ஓராசன வண்டிகளுக்கெனத் தனி இடம் ஏற்பட்டது இவ்விதமே.

கடையில் விலைக்குக் கிடைத்த ஓராசன வண்டியும் ஒன்று உண்டு. ஜப்பானிய ஹோண்டா நிறுவனம் 1977இல் ஒடிசி என்னும் பெயரில் 250 கன சென்டிமீட்டர் வகை இஞ்சினுடன் அதனை வெளியிட்டது. பின்புறத்தில் அதற்குச் சுருள்வில் கிடையாது. காற்றழுத்தம் குறைந்த பருத்த டயர்களே அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். வாங்கி ஓட்டியவர்களின் முதுகெலும்பு அதற்குச் சாட்சி. 1985இல் வந்த 350 வகையில் பின்புறத்துக்கும் வில்லமைப்புக் கொடுத்தார்கள். 1989இல் பைலட் என்னும் பெயரில் வந்த இறுதி வகை அடுத்த ஆண்டோடு நின்றுபோயிற்று. ஒரே நிறுவனம் பன்னிரண்டு ஆண்டுகளில் செய்த இம்மாறுதல்களைப் பார்த்தாலே, இவ்வகை வண்டியின் வளர்ச்சி எத்திசையில் சென்றது என்பது புலனாகும். வேகத்தைக் கூட்டுவதற்குச் செலவிட்ட சிந்தனைக்குக் குறையாத சிந்தனை, உள்ளே இருப்பவரின் எலும்பைக் காப்பதற்கும் செலவாகியிருக்கிறது.

மாணவர் போட்டி இதற்கு ஓராண்டு முன்னரே, 1976இல், அமெரிக்காவின் தென் கரோலினா சர்வகலாசாலையில் பிறந்துவிட்டது. ‘மினி பாஹா’ என்பது அதன் முதற் பெயர். மாணவர்களுக்கு அதில் விதிக்கப்படும் கற்பனை சுவையானது. ஆண்டுக்கு 4,000 வண்டிகள் செய்து விற்க விரும்பும் ஒரு நிறுவனத்துக்கு மாதிரி வண்டி ஒன்றைச் செய்து தருவதாக அவர்கள் எண்ணிக்கொள்ள வேண்டும். ஆகவே ஓட்டிக் காட்டுவதோடு அவர்கள் வேலை முடிவதில்லை. ஒவ்வோர் உறுப்புக்கும் என்ன விலை, ஏன் இவ்வடிவம், எக்கணக்கின்படி இக்கனம் என்றெல்லாம் நடுவர்களுக்கு எழுத்தாலும் பேச்சாலும் விடை கூற வேண்டும். நம்மைப் போன்ற கலைப் பட்டதாரிகளுக்கு இப்பகுதிதான் மிகவும் பிடிக்கிறது. தான் செய்ததைச் சொல்லத் தெரியாத பொறியாளருக்கு அங்கே மதிப்பெண் குறையும்.

இஞ்சினைப் பிரிக்ஸ் அண்டு ஸ்டிராட்டன் என்னும் அமெரிக்க நிறுவனம் நெடுங்காலம் அளித்துவந்தது. முதலில் 8 குதிரைத் திறன், பின்னர் 10. ஒரே உருளை, கொள்ளளவு 305 கன சென்டிமீட்டர், நிமிடத்துக்குச் சுமார் 3,800 சுற்றுக்கு மேல் போகாதவாறு கடிவாளமிட்ட அமைப்பு. நம் ஊர்த் தெருக்களில் ஓடும் 100 கன சென்டிமீட்டர் மோட்டார் சைக்கிளின் திறனைவிட இது சற்றே கூடுதல், அவ்வளவுதான். இவ்வளவு விசையைக் கொண்டு பாறைமேட்டில் ஏற வேண்டும். சேற்றில் மீள வேண்டும். வழியில் கிடக்கும் மரக்கட்டைகளைத் தாண்ட வேண்டும்.

இஞ்சினை மாற்ற முடியாதபோது எதை மாற்றுவது? எடையை. இதனைச் சிறு கணக்கால் விளக்குவோம். 10 குதிரைத் திறன் என்பது சுமார் 7,460 வாட். சங்கிலி, பெல்ட், பற்சக்கரம் ஆகியவற்றில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று கொண்டால், சக்கரத்துக்குச் சேர்வது ஏறத்தாழ 5,970 வாட். வண்டி 250 கிலோ, ஓட்டுபவர் 75 கிலோ என வைப்போம், மொத்தம் 325. முப்பது பாகைச் சரிவான மேட்டில் ஏறும்போது மொத்த எடையில் சரிபாதி வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். மண்ணின் தடையைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தாலும், அவ்வண்டியால் மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஏற முடியும். அதே இஞ்சினுடன் வண்டி 160 கிலோவாக இருந்தால் மொத்தம் 235. வேகம் மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டராகும். இஞ்சினைத் தொடாமலே நான்கு குதிரைகளை அதிகமாகப் பூட்டியதற்கு இது சமம். தொடக்ககால வண்டிகள் பல 250 கிலோவுக்கு மேலிருந்ததும், தேர்ந்த குழுக்களின் வண்டிகள் இன்று 200 கிலோவுக்கு மிகவும் கீழே வந்துவிட்டதும் இக்கணக்கின் விளைவேயாகும்.

ஆனால் எடையை எங்கே குறைப்பது? வண்டியில் மிகுந்த இரும்பு இருக்குமிடம் கூண்டு. ஓட்டுபவரின் உயிரைக் காப்பதும் அதே கூண்டு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இழுபறிதான் ஓராசனப் பக்கியின் உருவ வளர்ச்சியில் முதன்மையான பகுதி. ஆகவே இங்கே சற்று நின்று பார்ப்போம்.

கூண்டின் முதன்மைக் குழாய்களுக்கு விதி கூறும் அளவு இது: வெளி விட்டம் 25.4 மில்லிமீட்டர், சுவரின் கனம் 3 மில்லிமீட்டர், எஃகில் கரியின் அளவு குறைந்தது நூற்றுக்கு 0.18 பங்கு. இதற்கு மாற்றாக வேறு குழாயைக் கையாளவும் இடமுண்டு. வளைவதை எதிர்க்கும் விறைப்பிலும் வலிமையிலும் அது மேற்சொன்ன குழாய்க்குச் சமமாக அல்லது மேலாக இருப்பதைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும், சுவர் 1.57 மில்லிமீட்டருக்கு மெலிந்திருக்கலாகாது. இம்மாற்று விதிதான் கூண்டின் உருவத்தை மாற்றியது.

மூங்கிலைப் பாருங்கள். அதே அளவு நாரை உட்துளையில்லாத குச்சியாக இயற்கை செய்திருந்தால் அது காற்றில் ஒடிந்துபோயிருக்கும். நடுவிலுள்ள பொருள் வளைவை எதிர்ப்பதில் அதிகம் உதவுவதில்லை; மையத்திலிருந்து விலகி நிற்கும் பொருளே உதவுகிறது. ஆகவே குழாயைப் பருமனாக்கிச் சுவரை மெலிதாக்கினால், குறைந்த எஃகில் கூடுதல் விறைப்புக் கிடைக்கும். விதி கூறும் குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ 1.66 கிலோ எடையுள்ளது. 31.75 மில்லிமீட்டர் விட்டமும் 1.65 மில்லிமீட்டர் சுவரும் கொண்ட குழாய் மீட்டருக்கு 1.22 கிலோதான், வளைவை எதிர்க்கும் விறைப்போ சுமார் 30 சதவீதம் அதிகம். 30 மீட்டர் குழாய் செல்லும் ஒரு கூண்டில் இதனால் 13 கிலோ மிச்சம். குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகைக் கையாண்டால் வலிமையும் கூடும் என்பதால் இன்று பெரும்பாலான குழுக்கள் அதனையே நாடுகின்றன.

இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. மெல்லிய சுவரைப் பற்றவைப்பது கடினம். சூடு மிகுந்தால் துளை விழும், குறைந்தால் ஒட்டு பிடிக்காது. கலப்பு எஃகில் ஒட்டின் அருகிலுள்ள பகுதி சூட்டினால் இறுகி, வளைந்து கொடுக்கும் தன்மையை இழந்துவிடக்கூடும். அதனால்தான், வண்டியைப் பற்றவைத்த அதே கையால் மாதிரி ஒட்டுகள் செய்து, அவற்றை உடைத்தும் அறுத்தும் காட்ட வேண்டுமென்று விதி ஏற்படுத்தினார்கள். கணினித் திரையில் கூண்டின்மேல் எத்தனை டன் விசையை ஏற்றிப் பார்த்தாலும், அத்திரை நல்ல ஒட்டையே எண்ணிக்கொள்கிறது. பட்டறையில் இரவு இரண்டு மணிக்குக் கண் எரிச்சலுடன் இட்ட ஒட்டு அதற்குத் தெரியாது.

குழாய்கள் சேரும் விதமும் மாறிற்று. முற்காலக் கூண்டுகளில் ஒரு குழாயின் நடுவில் மற்றொரு குழாய் வந்து முட்டும். அடி விழுந்தால் முட்டிய இடத்தில் குழாய் மடியும். நாளடைவில், குழாய்களின் முனைகள் யாவும் சில முடிச்சுகளில் வந்து கூட வேண்டும், முடிச்சுகளுக்கிடையே முக்கோணங்கள் அமைய வேண்டும் என்பது வழக்கமாயிற்று. நான்கு குச்சிகளைக் கட்டிய சதுரத்தைக் கையால் சாய்த்துவிடலாம். மூன்று குச்சிகளின் முக்கோணத்தைச் சாய்க்க வேண்டுமானால் குச்சியையே ஒடிக்க வேண்டும். ஊரில் பந்தல் போடுகிறவர் குறுக்குக் கழி கட்டுவதும் இதே நியாயத்தால்தான்.

கூண்டுக்கு உள்ளளவு தருவது மனித உடல். ஓட்டுபவரின் தலைக்கவசத்துக்கும் கூண்டுக்கும் இடையே குறைந்தது 152 மில்லிமீட்டர், தோள் முதலிய மற்ற பாகங்களுக்கும் கூண்டுக்கும் இடையே 76 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மிக உயரமான ஆண் முதல் மிகச் சிறிய உருவமுள்ள பெண் வரை, நூறு பேரில் ஏறத்தாழ எல்லோரும் அமர்ந்து ஓட்ட ஏற்றதாக அது அமைய வேண்டும். வார்ப்பட்டைகளை அவிழ்த்துக்கொண்டு ஐந்து விநாடிகளில் வெளியே வந்துவிட வேண்டும். கவிழும்போது கை வெளியே வீசப்பட்டு நசுங்காதிருக்கக் கைகளுக்கும் கட்டு உண்டு. இஞ்சினுக்கும் முதுகுக்கும் நடுவே உலோகத் தகட்டுச் சுவர் ஒன்று, தீ பரவாமலிருக்க. இஞ்சினை அணைக்கும் பொத்தான்கள் இரண்டு: ஒன்று ஓட்டுபவரின் கைக்கெட்டும் இடத்தில், மற்றொன்று வெளியே நிற்பவர் ஓடிவந்து அழுத்தத்தக்க இடத்தில். இவை யாவும் எடையைக் கூட்டுபவை. ஆயினும் இவற்றில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு வந்த வண்டியைத் தடத்துக்குள் விடமாட்டார்கள். இருபது வயது நிரம்பாத மாணவரும் மாணவியும் அமரும் ஆசனம் அது; இங்கே விட்டுக்கொடுக்காதிருப்பதே சரி என்பது நம் கருத்து.

இந்திய வண்டிகளுக்கென்று ஒரு தனி முகம் இருந்ததையும் கூற வேண்டும். அமெரிக்க மாணவர் பெற்ற விலையுயர்ந்த உறுப்புகளை வரவழைக்க நம் கல்லூரிகள் பலவற்றுக்குப் பொருள் வசதி இல்லை. ஆகவே அவர்கள் பழைய உறுப்புகள் விற்கும் சந்தையை நாடினார்கள். மாருதி 800 காரின் ஸ்டியரிங் பெட்டியும் பிரேக்கும், மோட்டார் சைக்கிளின் வட்டு பிரேக்கும், சரக்கேற்றும் மூன்று சக்கர மகேந்திரா ஆல்ஃபா வண்டியின் கியர் பெட்டியும் இந்தியப் பக்கிகளில் குடியேறின. இக்கியர் பெட்டி நம் மாணவர்களுக்கு ஒரு வரப்பிரசாதம். முன்னோக்கி நான்கு கியர், பின்னோக்கி ஒன்று, டிஃபரன்ஷியலும் உடன் சேர்ந்தே வரும். எந்த ஊரிலும் கிடைக்கும். பழுதானால் தெருக்கோடி மெக்கானிக்கே பிரித்துப் பூட்டிவிடுவார்.

ஆனால் மூட்டை சுமப்பதற்குச் செய்த உறுப்பு, பாறை தாண்டும் வண்டிக்குக் கனமாயிற்று. டிஃபரன்ஷியலும் காலை வாரிவிட்டது. சாலையில் வளைவு வரும்போது வெளிச் சக்கரம் அதிகத் தொலைவும் உட்சக்கரம் குறைந்த தொலைவும் செல்ல வேண்டியிருப்பதால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல உதவுவது டிஃபரன்ஷியல். இரு சக்கரங்களுக்கும் அது விசையைச் சமமாகவே பங்கிடும். ஒரு சக்கரம் குழியின்மேல் அந்தரத்தில் நின்றால், அதனைச் சுழற்றச் சிறு விசையே போதும்; ஆகவே மண்ணிலிருக்கும் மற்றதற்கும் அச்சிறு விசையே கிடைக்கும். இஞ்சின் அலறும், ஒரு சக்கரம் காற்றில் சுழலும், வண்டி நின்ற இடத்தில் நிற்கும். இதனால் பலர் டிஃபரன்ஷியலை இறுகப் பூட்டி, இரு சக்கரங்களையும் ஒரே அச்சாக்கினார்கள். அவ்வாறு செய்தால் வண்டி திரும்ப மறுக்கும். அதற்கும் வழி கண்டார்கள்: வளைவில் உட்புறப் பின்சக்கரம் தரையைவிட்டுச் சற்றே தூக்கிக்கொள்ளுமாறு எடையையும் வில்லையும் அமைத்தார்கள். தூக்கிய சக்கரம் தடை செய்யாது. வண்டி சுழன்று திரும்பும்.

கியர் பெட்டியின் இடத்தைப் பல வண்டிகளில் இப்போது பெல்ட் பிடித்துக்கொண்டது. 1958இல் ஹாலந்து நாட்டு டாஃப் நிறுவனத்தின் கார் உலகுக்குக் காட்டிய முறை இது. 1984இல் வந்த கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டரில் நம் நாட்டாரும் பழகியது. இரண்டு கப்பிகள், நடுவே ஒரு பெல்ட். இஞ்சின் வேகம் கூடும்போது முன் கப்பியினுள் இருக்கும் சிறு எடைகள் வெளியே வீசப்பெற்று அதன் இரு பாதிகளையும் நெருக்கும். பெல்ட் வெளிவிளிம்பை நோக்கி ஏறும். பின் கப்பியில் அதற்கு மாறாகப் பெல்ட் உள்ளே இறங்கும். கியர் விகிதம் படிப்படியாக அல்லாமல் வழுக்கிக்கொண்டே மாறும். ஓட்டுபவருக்குக் கியர் போடும் வேலையில்லை. இரு கைகளும் ஸ்டியரிங்கிலேயே இருக்கலாம். கரடுமுரடான தடத்தில் இது எத்தகைய நிம்மதி என்பதை விளக்க வேண்டியதில்லை. பெல்ட்டுக்கும் குறையுண்டு: சூடேறும், நீர் புகுந்தால் வழுக்கும், உராய்வில் விசையின் ஒரு பங்கைத் தின்றுவிடும். சிறு எடைகளை எத்தனை கிராம் வைப்பது, எந்த விறைப்புள்ள சுருளைப் பொருத்துவது என்பதைப் பார்த்துப் பார்த்துத் திருத்துவதிலேயே மாணவர்களின் பல வாரங்கள் கழிகின்றன.

சக்கரங்களைத் தாங்கும் அமைப்பைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுவோம். முதலில் பின் அச்சு கூண்டோடு விறைப்பாகப் பிணைந்திருந்தது. பிறகு ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே மேலும் கீழும் அசையுமாறு கைகள் அமைந்தன. முன்சக்கரத்துக்கு மேலொன்று கீழொன்றாக இரண்டு கவைகள். பின்சக்கரத்துக்கு முன்னிருந்து பின்னோக்கி நீளும் ஒரு கை, அல்லது அங்கும் கவைகள். கனத்த சுருள்வில்லுக்குப் பதிலாக அடைத்த காற்றையே வில்லாகக் கொண்ட ஷாக் அப்சார்பர்களும் வந்தன. அவற்றால் எடை குறைந்தது.

இங்கே ஒரு பேராசை மாணவர்களைப் பிடிப்பதுண்டு. அடிப்பகுதி பாறையில் இடிக்காதிருக்க வண்டியை உயர்த்திக்கொண்டே போவார்கள். உயர்த்தினால் ஈர்ப்பு மையமும் உயரும். சக்கரங்களுக்கிடையே அகலம் 1,300 மில்லிமீட்டர், மையத்தின் உயரம் 550 எனில், ஏறத்தாழ 50 பாகை பக்கவாட்டில் சாயும் வரை வண்டி கவிழாது. மையத்தை இன்னும் 100 மில்லிமீட்டர் உயர்த்தினால் அது 45 பாகையாகச் சுருங்கிவிடும். அகலத்தைக் கூட்டலாமே என்றால், வண்டியின் மொத்த அகலத்துக்கு விதி வரம்பு கட்டியிருக்கிறது. அகன்ற வண்டி மரங்களுக்கிடையே நுழையாது. எனவே ஆசனத்தைத் தாழ்த்துகிறார்கள். இவ்வண்டியில் மிகக் கனமான ஒற்றைப் பொருள் ஓட்டுபவரே அல்லவா? இரண்டு அங்குலம் அவரைத் தாழ்த்தி உட்கார வைப்பதைவிட மலிவான சீர்திருத்தம் வேறில்லை.

அண்மைக் காலத்தில் அடிப்படையே மாறத் தொடங்கியிருக்கிறது. அமெரிக்கப் போட்டிகளில் 2020க்குப் பிந்தைய ஆண்டுகளில் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்ல வேண்டுமென்பது விதியாயிற்று; இஞ்சினும் கோலர் நிறுவனத்தின் 14 குதிரைத் திறனுள்ளதாக மாறிற்று. முன்சக்கரத்துக்கு விசை கொண்டுசெல்லும் தண்டு ஓட்டுபவரின் கால்களுக்கிடையே ஓட வேண்டியிருப்பதால், ஆசனத்தைத் தாழ்த்தும் பழைய உபாயத்துக்கு இடையூறு வந்தது. கூண்டின் முன்பாகம் மீண்டும் வரையப்படுகிறது.

நம் நாட்டிலோ மாறுதல் வேறு வழியில் வந்தது. 2015இல் மின்சார பாஹா என்னும் பிரிவு தொடங்கிற்று. இஞ்சின் வேகம் பிடித்த பின்னரே முழு முறுக்கு விசையைத் தரும். மின்மோட்டாரோ நின்ற நிலையிலிருந்தே தரும். ஆகவே பெல்ட்டும் கப்பியும் வேண்டாதவையாகின்றன. ஒரே விகிதமுள்ள சிறு பற்சக்கரப் பெட்டி போதும். அங்கே மிச்சமான எடை லித்தியம் மின்கல அடுக்கில் திரும்பி வந்துவிடுகிறது. கல் தெறித்தாலும் வண்டி உருண்டாலும் அவ்வடுக்கு நசுங்கலாகாது, நீர் புகலாகாது, சூடேறினால் ஓட்டுபவரின் பக்கம் தீ வரலாகாது. நாற்பது ஆண்டுகளாகப் பெட்ரோல் தொட்டியைக் காப்பதற்குக் கற்ற பாடங்களை, மின்கலத்துக்கென மாணவர்கள் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இஞ்சினானாலும் மோட்டாரானாலும், போட்டிக்கு வந்த வண்டிகள் முதலில் சோதகர்களின் முன் நிற்க வேண்டும். ஓடிவந்து பிரேக்கை அழுத்தினால் நான்கு சக்கரங்களும் ஒருங்கே இறுகி நிற்க வேண்டும். மூன்று நின்று ஒன்று சுழன்றால் திரும்பப் பட்டறைக்குத்தான். பிறகு மேடேறுதல், குறுகிய வளைவுகளில் திரும்புதல், கட்டைகளையும் பள்ளங்களையும் தாண்டுதல் எனத் தனித்தனிச் சோதனைகள். இறுதியாக நான்கு மணி நேர ஓட்டம். எல்லா வண்டிகளும் ஒரே தடத்தில் இறங்குகின்றன. முதல் அரைமணியில் முந்துபவை பெரும்பாலும் மிக இலேசானவை. பிறகு அவற்றுள் சிலவற்றில் ஸ்டியரிங் தண்டு வளைகிறது. சிலவற்றில் கவையின் ஒட்டு விடுகிறது. சிலவற்றில் சக்கரத்துக்கு விசை கொண்டுசெல்லும் அச்சின் மூட்டு கழன்றுபோகிறது. கயிறு கட்டி இழுத்துவரப்பட்ட வண்டியைச் சுற்றி ஆறு மாணவர்கள் மண்டியிட்டு, ஒருவர் ஸ்பேனரையும் ஒருவர் விளக்கையும் பிடித்திருக்க, எந்த இடத்தில் எத்தனை கிராமை அதிகமாகச் செதுக்கிவிட்டோம் என்று தேடுகிறார்கள். கூண்டுக்குள் இருப்பவர் தலைக்கவசத்தைக் கழற்றாமல், வார்ப்பட்டையை அவிழ்க்காமல் காத்திருக்கிறார். நான்கு மணி நேரத்தில் இன்னும் ஐம்பது நிமிடம் மீதமிருக்கிறது.